இடுப்பில் விலகிய ஓரப்பட்டை: ஒரு கிட்டாரைச் சரிசெய்த முழு விவரம்

சட்டைக் கையில் நூல் இழுபட்ட இடத்தைக் காட்டித்தான், கிட்டாரைச் சரிசெய்ய என்னிடம் கொண்டுவந்தவர் பேச்சைத் தொடங்கினார். சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட அகூஸ்டிக் கிட்டார். 25 ஆண்டுகளாக அவர்தான் வாசிக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில்தான். மேல்பலகையின் விளிம்பைச் சுற்றி ஓடும் வெளிர்மஞ்சள் பட்டை, தடித்த கம்பிகள் இருக்கும் பக்கத்து இடுப்பில், அதாவது கிட்டார் உள்ளே ஒடுங்கும் இடத்தில், உடலை விட்டுப் பிரிந்து துருத்திக்கொண்டிருந்தது. கை வைத்து வாசிக்கும்போது துணி அதில் மாட்டுகிறது. சில சுரங்களில் வண்டு ரீங்கரிப்பதைப் போல ஒரு சத்தமும் வருகிறது.

“பசை கொஞ்சம் விட்டு அழுத்திக் கட்டிட்டா போதும்ல சார்? போன தடவை அப்படித்தான் செஞ்சாங்க. எட்டு மாசம் நின்னுச்சு.”

அந்த எட்டு மாதக் கணக்கு என்னை நிறுத்தியது. பசை சரியாகப் பிடிக்காத இடம் சில நாட்களிலேயே விட்டுவிடும். எட்டு மாதம் பிடித்து நின்ற பிறகு விடுகிறது என்றால், அந்தப் பசையை ஏதோ ஒன்று இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இழுப்பது எது என்று தெரியாமல் மறுபடி ஒட்டினால், அடுத்த எட்டு மாதத்துக்குத்தான் ஒட்டியதாக இருக்கும். கிட்டாரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

கிட்டார் வட்டாரத்தில் பைண்டிங் என்று சொல்லப்படும் இந்த ஓரப்பட்டையை வெறும் அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அழகு அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் ஒரு சின்னக் காடி, அதாவது ஓரப் பள்ளம், வெட்டி, அதில் இந்தப் பட்டையை உட்காரவைக்கிறார்கள். இந்தக் கிட்டாரில் அதன் கனம் 2 மி.மீ., உயரம் 6 மி.மீ. மேல்பலகை ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரம். விளிம்பில் அதன் இழைகளின் வெட்டுமுனைகள் திறந்தே இருக்கும். மரம் ஈரத்தை மிக வேகமாகக் குடிப்பதும் கக்குவதும் அந்த முனைகள் வழியாகத்தான். பட்டை அவற்றை மூடுகிறது, மேசை முனையில் இடிபட்டாலும் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. பட்டை பிரிந்த கிட்டாரை அப்படியே வாசித்துக்கொண்டிருக்கலாம், ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கிட்டார் உடனே உடையாது என்பது உண்மை. ஆனால் திறந்த விளிம்பில் அழுக்கும் வியர்வையும் இறங்க இறங்க, பின்னால் ஒட்டுவது ஒவ்வொரு மாதமும் கடினமாகிக்கொண்டே போகும்.

பார்த்ததும் அளந்ததும்

முதலில் கம்பிகளைத் தளர்த்தினேன். மெல்லிய ரகக் கம்பிகள் ஆறும் சுருதியில் நிற்கும்போது சுமார் 70 கிலோ இழுவிசை உடலின் மேல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு உடலைக் கட்டி அழுத்துவது சரியல்ல.

அடுத்து, பிரிந்தது பட்டை மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பெரிய நோயைப் பவுடர் பூசி மறைத்ததாகிவிடும். மேல்பலகை, அதைப் பக்கப்பலகையோடு பிணைக்க உள்ளே ஓடும் லைனிங் சட்டத்திலிருந்து விட்டுப்போயிருந்தாலும் வெளியே பார்க்கப் பட்டை விலகியதைப் போலவே தெரியும். ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியும் விளக்கும் விட்டு இடுப்புப் பகுதியைப் பார்த்தேன். வெளியிலிருந்து மேல்பலகையின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன், அசைவில்லை, சத்தமில்லை. சாதாரணத் தாளைக் கீற்றாக வெட்டி, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இறக்கினேன். காடியின் அடிவரை இறங்கி அங்கே நின்றது. அதற்குக் கீழே எந்த மூட்டும் திறந்திருக்கவில்லை. விரல் நுனியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். இடுப்பில் மட்டும் சத்தம் சிதறியது. அந்த ரீங்காரத்தின் பிறப்பிடமும் அதுவே.

தாள் கீற்றை இரு பக்கமும் நகர்த்தி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். பிரிந்த நீளம் 18 செ.மீ.; நடுவில் இடைவெளி 2 மி.மீ. பட்டைக்கு உட்புறம் ஓடும் கறுப்பு வெள்ளை அலங்காரக் கோடுகள் மேல்பலகையோடு தங்கிவிட்டிருந்தன, நல்லவேளை. அவையும் பட்டையோடு கிளம்பி வந்திருந்தால் வேலை இரண்டு மடங்கு. இடைவெளியின் நடுவே, ஏறத்தாழ 5 செ.மீ. நீளத்துக்கு, கண்ணாடிச் சில்லைப் போல உறைந்த பழைய சூப்பர் குளூ தெரிந்தது. முன்பு செய்தவர் பட்டையைப் பலவந்தமாக உள்ளே தள்ளி, பிடிக்கிற இடத்தில் பசையை ஓடவிட்டிருக்கிறார்.

பிறகு ஐந்து நாட்கள் எதுவும் செய்யவில்லை. ஈரப்பதம் 48 சதவீதத்தில் நிற்கும் அறையில் கிட்டாரை அப்படியே வைத்திருந்தேன். மரம் ஈரத்துக்கு ஏற்ப இழைக்குக் குறுக்காக விரியும், சுருங்கும். பிளாஸ்டிக் பட்டை அதோடு சேர்ந்து போகாது. 40 செ.மீ. அகலமுள்ள ஸ்ப்ரூஸ் மேல்பலகை, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கி மரமும் அந்த நிலைக்கு வந்து சேர்ந்தால், சுமார் 2 மி.மீ. குறுகும். அதனால் ஈரத்தில் ஊதியிருந்த உடல்தான் பட்டையை நெம்பியதோ என்ற கேள்வி எனக்கு இருந்தது. ஐந்து நாட்களுக்குப் பின் அளந்தபோதும் அதே 2 மி.மீ. மரத்தின் மேலிருந்த சந்தேகம் நீங்கியது.

பட்டை எதனால் ஆனது?

மூக்கே போதும். பிரிந்திருந்த பகுதியைக் கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தேன். லேசான கற்பூர வாசனை. செல்லுலாய்ட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்.

1862இல் லண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் காட்டிய பார்க்கெசின் என்ற பொருள்தான் இதன் மூதாதை. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட், பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்கு மாற்றாக ஒரு பொருள் தேடி, நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்து 1870இல் காப்புரிமை பெற்றார். தந்தத்தின் நிறமும் மினுமினுப்பும் இதற்கு வாய்த்தன. அந்தத் தோற்றத்துக்காகவே வாத்தியக்காரர்கள் இதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். பழைய சினிமாச் சுருள்களும் இதே குடும்பம்தான். அவை எவ்வளவு எளிதில் தீப்பிடித்தன என்பது தெரிந்த கதை. பட்டைக்கும் அந்தக் குணம் உண்டு.

இங்கே முக்கியம் அந்தக் கற்பூரம். செல்லுலாய்டை வளையும்படி வைத்திருப்பது அதுதான். திறந்து வைத்த கற்பூரம் காற்றில் கரைந்து போவதைப் போலவே, பட்டைக்குள் இருக்கும் கற்பூரமும் மிச்சமிருக்கும் கரைப்பான்களும் பல பத்தாண்டுகளில் மெல்ல வெளியேறுகின்றன. போன பொருளின் இடம் காலியாகிறது, பட்டை சுருங்குகிறது. கனத்தில் சுருங்கினால் யாருக்கும் தெரியாது. நீளத்தில் சுருங்கும்போதுதான் பிரச்சினை.

உடலின் வெளிப்புடைத்த வளைவுகளில் பட்டை சுருங்கினால் உடலை இன்னும் இறுகத்தான் பிடிக்கும். இடுப்பு உட்குழிந்த வளைவு. உள்வளைந்த சுவரில் ஒரு கயிற்றை ஒட்டிவைத்து, இரண்டு முனைகளையும் இழுத்துப் பாருங்கள்; கயிறு சுவரை விட்டு நேராக வரப் பார்க்கும். அதுதான் இங்கே நடந்திருந்தது. கிட்டார்களில் ஓரப்பட்டை திரும்பத் திரும்ப இடுப்பில் விலகுவதற்கும் இதுவே காரணம்.

எவ்வளவு நீளம் குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பிரிந்த 18 செ.மீ. நீளத்துக்கு நேர்கோலை வைத்தால் இடுப்பின் ஆழம் 20 மி.மீ. விலகி நிற்கும் பட்டை வரை அளந்தால் 18 மி.மீ. ஆழம் குறைந்த ஒரு வில், தன் நாணை விட எவ்வளவு நீளம் என்று தெரிய, ஆழத்தின் வர்க்கத்தை 8ஆல் பெருக்கி நாணின் மூன்று மடங்கால் வகுத்தால் போதும். மரத்தின் வழியே போனால் 5.9 மி.மீ. கூடுதல், பட்டை போகும் வழியில் 4.8 மி.மீ. வித்தியாசம் 1.1 மி.மீ. ஒரு பக்கத்துப் பட்டையின் மொத்த நீளம் சுமார் 75 செ.மீ. அதில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு சுருக்கமே கண்ணுக்கு 2 மி.மீ. இடைவெளியாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. இடைவெளியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பசை விட்டுப்போனதாகவே நினைக்கிறார்கள். இங்கே பசை செய்த குற்றம் ஒன்றுமில்லை. பட்டைக்கு நீளம் போதவில்லை. போதாத நீளத்தை வைத்துக்கொண்டு எந்தப் பசையால் ஒட்டினாலும், பட்டை இழுத்துக் கட்டிய நாணாகத்தான் உள்ளே இருக்கும். முதலில் அந்த 1 மி.மீ. நீளத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

எங்கிருந்து கொண்டுவருவது?

நான்கு வழிகள் மனதில் இருந்தன. பட்டையைச் சூடாக்கி இழுத்து நீட்டுவது முதலாவது. பழைய செல்லுலாய்ட் சூட்டில் இளகத்தான் செய்யும். ஆனால் 40 வருடப் பட்டை இளகும் முன்பே பக்கத்து மரத்தின் மேலுள்ள பளபளப்புப் பூச்சான லாக்கர் கொப்புளித்துவிடும், நீட்டிய பட்டை திரும்பவும் சுருங்கப் பார்க்கும். இடுப்பிலேயே பட்டையை வெட்டி, நடுவில் ஒரு துண்டைச் செருகுவது இரண்டாவது. வேகமான வழி; வெட்டு எல்லார் கண்ணிலும் படும். முழுப் பட்டையையும் எடுத்துவிட்டுப் புதிது போடுவது மூன்றாவது. அதற்குச் சுற்றிலும் லாக்கர் வேலை செய்ய வேண்டும். பட்டையே பொடிந்து வெடித்திருந்தால் அப்படிச் செய்திருப்பேன். இது இன்னும் கெட்டியாக, வெடிப்பில்லாமல் இருந்தது. இருக்கிற நல்ல பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை.

நான்காவது வழியைத் தேர்ந்தேன். இடுப்பிலிருந்து ஒரு முனைவரை பட்டையை முழுவதும் விடுவித்து, இடுப்பை நோக்கி நகர்த்தி ஒட்டுவது. அப்போது குறைவு முழுவதும் முனைக்குப் போய்ச் சேரும். அங்கே ஒரு சின்னத் துண்டை வைத்து நிரப்பலாம். எந்த முனை என்பதிலும் யோசனை இருந்தது. வால்பக்கம் போனால் அகன்ற கீழ்வயிற்றைச் சுற்றி சுமார் 38 செ.மீ. விடுவிக்க வேண்டும், கழுத்துப் பக்கம் என்றால் 22 செ.மீ.தான். கழுத்தின் அடிப்பகுதி உடலோடு சேரும் மூலையில் எப்போதும் நிழல் விழுந்திருக்கும். நிரப்பும் துண்டு அங்கே கண்ணுக்கு உறுத்தாது. நன்றாக ஒட்டியிருக்கும் பட்டையை வேண்டுமென்றே பிரிப்பதற்குக் கை வராது. உரிமையாளரை அழைத்து இதை விளக்கினேன்.

“நல்லா இருக்கறதையும் பிரிக்கணுமா சார்?”

“ஆமாம்மா. இழுத்துக்கிட்டே இருக்கறதை விட்டுக் கொடுத்தாத்தான் இடுப்பு உட்காரும்.”

சற்று நேரம் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தார்.

பிரித்தெடுத்தது

பட்டையின் மேலும் மரத்தின் மேலும் லாக்கர் ஒரே தோலாகப் படர்ந்திருக்கும். அந்தத் தோலை அறுக்காமல் பட்டையை நெம்பினால் மரத்தின் மேலுள்ள லாக்கர் சில்லுசில்லாகக் கிளம்பும். புதிய பிளேடால், பட்டையும் பக்கப்பலகையும் சேரும் கோட்டிலும், மேல்புறம் அலங்காரக் கோட்டோடு சேரும் இடத்திலும், அழுத்தம் கொடுக்காமல் மூன்று நான்கு முறை கீறினேன். பிளேடு மரத்துக்குள் போகக் கூடாது. லாக்கரை மட்டும் பிளந்தால் போதும்.

விளிம்புகளை மழுக்கிய மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளிக்குள் விட்டு, இடுப்பிலிருந்து கழுத்தை நோக்கி மெதுவாகத் தள்ளினேன். தகட்டுக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஹேர் டிரையரின் இளஞ்சூடு. கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவில்லை. நெருப்பு, ஹீட் கன் இரண்டும் செல்லுலாய்ட் இருக்கும் மேசைக்கு அருகில் வரவே கூடாது. பழைய பசை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்ததால், பெரும்பாலும் சின்னச் சின்ன ‘டிக்’ சத்தத்தோடு விட்டுக்கொண்டே வந்தது.

9 செ.மீ. தாண்டியபோது ஒரு தவறு நடந்தது. வேலை இலகுவாகப் போகிறதே என்று, கீறல் முடிந்த இடத்தைத் தாண்டித் தகட்டைத் தள்ளிவிட்டேன். பக்கப்பலகையில் 4 மி.மீ. நீளத்துக்கு ஒரு லாக்கர் சில்லு, அதோடு ஒட்டிய மர இழையுடன் கிளம்பியது. நெஞ்சு திக்கென்றது. நல்லவேளை, சில்லு முழுதாக இருந்தது. அதை ஒரு தாளில் மடித்து, எந்தப் பக்கம் மேல் என்று குறித்து வைத்தேன். பின்னர் அது அதே இடத்தில் ஒட்டப்பட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அதற்குப் பிறகு 3 செ.மீ. கீறுவது, 2 செ.மீ. பிரிப்பது என்ற கணக்கை மீறவில்லை.

கழுத்தின் அடியில் போய்ச் சேரும் இடத்தில், பல் நுண்ணிய ரம்பத்தால் பட்டையை நேர்குத்தாக வெட்டினேன். முனை விடுதலையானதும் பட்டை தானாகவே இடுப்பை நோக்கி ஒரு மயிரளவு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். எட்டு மாதம் அந்தப் பசையை இழுத்துக்கொண்டிருந்த விசை அதுதான்.

இனி காடியைச் சுத்தம் செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் பகுதி இது. ஒட்டு நிற்பதும் நிற்காததும் இதில்தான் இருக்கிறது. காடியில் மிச்சமிருக்கும் பழைய பசை அரை மி.மீ. கனம் இருந்தாலும் பட்டை அத்தனை தூரம் வெளியே நிற்கும். பட்டையை முதன்முதலில் ஒட்டிய பழைய பசை சின்ன உளிக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சூப்பர் குளூ அப்படி இல்லை. அதை இளக்க அசிட்டோன் இருக்கிறது. ஆனால் அசிட்டோன் ஒரு சொட்டு சிந்தினாலும் லாக்கரையும் செல்லுலாய்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். எனவே உளியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டிச் சுரண்டித்தான் எடுத்தேன். அந்த 5 செ.மீ.க்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. பட்டையின் உட்புறத்தையும் சுரண்டி, சுத்தமான பரப்பு வரும்வரை கொண்டுவந்தேன். செல்லுலாய்டை உப்புத்தாளில் தேய்த்தால் வரும் தூள் சட்டென்று பற்றிக்கொள்ளக்கூடியது; சுரண்டினால் சுருளாக வரும், அள்ளி எறியலாம்.

பசை தொடாமல் ஒத்திகை

பசையைத் திறப்பதற்கு முன் எல்லாவற்றையும் காய்ந்த நிலையிலேயே ஒருமுறை கட்டிப் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் இடுப்பின் அடுத்த சிக்கல் புரியும். உடலைச் சுற்றி நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் இடுப்பில் அது பட்டையைத் தொடவே செய்யாது. புடைத்த இரு வயிறுகளின் மேல் ஏறி, இடுப்புக்கு மேலே பாலம் போல நிற்கும். உள்ளே அழுத்த வேண்டிய ஒரே இடம் அதுதான். மென்மரத்தில் இடுப்பின் வளைவுக்கு ஏற்ப 12 செ.மீ. நீளக் கட்டை ஒன்றைச் செதுக்கி, முகத்தில் கார்க் ஒட்டினேன். கட்டையின் முதுகு நாடாவின் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும்படி உயரமாக வைத்தேன். இப்போது நாடாவை இறுக்கினால் கட்டை நேரே இடுப்புக்குள் அமுங்கும்.

ஒத்திகையில் பட்டை இடுப்பில் முழுதாக உட்கார்ந்தது. கழுத்தடியில் விழுந்த இடைவெளியை அளந்தேன்: 1.3 மி.மீ. கணக்கில் வந்தது 1.1. ரம்பம் தின்ற அகலத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

எந்தப் பசை?

மரத்துக்கு மரம் ஒட்டும் வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. மரத்தாலான ஓரப்பட்டையாக இருந்தால் அந்தப் பசையோ, விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சும் வச்சிரப் பசையோ அருமையாக வேலை செய்யும். சூப்பர் குளூ இரண்டையும் பிடிக்கும். இன்று பலரும் பட்டையை இறுகக் கட்டிவைத்துவிட்டு, நீர்த்த சூப்பர் குளூவை ஓரத்தில் ஓடவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. சின்னஞ்சிறு பிளவுக்கு நானும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அது ஸ்ப்ரூஸின் வெட்டுமுனை வழியாக உள்ளே ஏறிக் கறையாக நின்றுவிடும். அங்கே முன்கூட்டியே ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைப் பூசி அடைக்க வேண்டும். டேப்பின் அடியிலும் ஓடி லாக்கரில் உறைந்துவிடும். 30 செ.மீ.க்கு மேல் ஒட்ட வேண்டிய பட்டையை நகர்த்திச் சரிபார்க்க அவகாசமும் தராது.

நான் எடுத்தது அசிட்டோன் கலந்த, குழாயில் வரும் ‘சிமென்ட்’ என்ற பசை, செல்லுலாய்டுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. அது பட்டையின் உட்பரப்பை மெல்ல இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். மரத்தின் துளைகளிலும் இறங்கும். சில நிமிடம் நகர்த்த விடும். பிதுங்கி வந்தால் லாக்கரைக் கரைக்கும் என்பதே அதன் ஆபத்து. அதனால் குறைவாகப் பூசினேன்; பிதுங்கியதைத் துடைக்கவே இல்லை. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இளகிய லாக்கரும் துணியோடு வந்துவிடும். காய்ந்த பின் சுரண்டுவதே பாதுகாப்பு.

ஒட்டும் வரிசை இந்த வேலையில் மிக முக்கியம். இடுப்பின் வால்பக்க முனையில் தொடங்கி, இடுப்பைக் கடந்து, கழுத்தை நோக்கிப் போனேன். எதிர்த்திசையில் போயிருந்தால் குறைவு திரும்ப இடுப்புக்கே வந்து சேர்ந்திருக்கும். 4 செ.மீ. பூசுவது, விரலால் காடிக்குள் அழுத்துவது, 2 செ.மீ.க்கு ஒரு டேப். பழைய லாக்கரில் டேப் ஒட்டுவதற்கு முன் அதைப் பருத்தித் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பிசுக்கைக் குறைத்திருந்தேன். இடுப்பில் மெழுகுத்தாள், அதன்மேல் கட்டை, அதன்மேல் நாடா. பிறகு 24 மணி நேரம் தொடவில்லை.

டேப்பை எடுப்பதும் ஒரு வேலைதான். ஹேர் டிரையரால் லேசாக வெதுவெதுப்பாக்கி, டேப்பைத் தன் மேலேயே மடித்தாற்போல, பரப்போடு ஒட்டிய கோணத்தில் நத்தை வேகத்தில் இழுத்தேன். செங்குத்தாக இழுத்தால் லாக்கர் அதோடு வரும். ஒரு இடத்திலும் கிளம்பவில்லை.

கழுத்தடியில் இருந்த 1.3 மி.மீ. இடைவெளிக்கு, பழைய கிட்டார் ஒன்றிலிருந்து எடுத்துவைத்த செல்லுலாய்டில் ஒரு துண்டு சீவினேன். புதிய வெள்ளைப் பட்டை அங்கே பல்லிளிக்கும். இந்த மஞ்சளில் பாதி பட்டையுடையது, பாதி அதன் மேலுள்ள பழுத்த லாக்கருடையது. துண்டின் இரு முகத்திலும் அசிட்டோன் தொட்டு வைத்ததும் அது பட்டையோடு உருகிச் சேர்ந்தது. மயிரிழைப் பிளவுக்கு, செல்லுலாய்ட் சுருள்களை அசிட்டோனில் ஊறவைத்த குழம்பு. கரைப்பான் போகப் போக இது குழிந்துவிடும். மேடாக வைத்து, காயவிட்டு, மறுபடி வைத்தேன். ஒரு வாரம் கழித்தே சமன்செய்தேன். அவசரப்பட்டு அன்றே சமன்செய்தால் அடுத்த மாதம் அங்கே ஒரு பள்ளம் தெரியும்.

கீறிய கோடுகளில் மெல்லிய தூரிகையால் சாயமேற்றிய லாக்கரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பி, காய்ந்த பிறகு 1200, 2000 எண் உப்புத்தாள்களால் சமன்செய்து மெருகேற்றினேன். இதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆனது. கை வைத்து வேலை செய்த நேரம் எல்லாம் சேர்த்தால் ஒன்பது மணிதான் இருக்கும்.

எல்லா இடைவெளிக்கும் இத்தனை பாடு வேண்டுமா என்றால், வேண்டாம். கீழ்வயிற்றின் புடைத்த வளைவில், அடிபட்டு ஓரிரு செ.மீ. பிரிந்திருந்து, விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் உள்ளே போய் உட்கார்கிறது என்றால், சுத்தம் செய்து ஒட்டிக் கட்டினால் போதும். பட்டை வாசனையற்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால், செல்லுலாய்டைப் போலக் கற்பூரம் போய்ச் சுருங்கும் கதை அங்கே இல்லை. பெரும்பாலும் ஒட்டும்போது பசை குறைந்ததாகவே இருக்கும். விரலை எடுத்ததும் பட்டை திரும்ப வெளியே வருகிறதா? அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வந்தால் பசைக் குழாயை மூடி வைத்துவிட்டு அளவுகோலை எடுப்பேன்.

ஏழு மாதம் கழித்து, ஈரமான பருவம் ஒன்றும் வறண்ட பருவம் ஒன்றும் தாண்டிய பின், கிட்டாரை ஒருமுறை கொண்டுவரச் சொன்னேன். முன்பு எட்டாவது மாதம்தான் விட்டிருந்தது. அதனால் எட்டு முடிந்ததும் இன்னொரு முறையும் வரச் சொன்னேன். இரண்டு தடவையும் அதே தாள் கீற்றை இடுப்பு முழுக்க வைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. ரீங்காரமும் இல்லை. கழுத்தடித் துண்டு எங்கே என்று அவரிடம் கேட்டேன். தேடிப்பார்த்து, வேறொரு இடத்தைக் காட்டினார்.

இரண்டாம் முறை வந்தபோது மறுபக்க இடுப்பையும், அதாவது மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கத்து இடுப்பையும், தாள் விட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு இடத்தில், விரல் நகத்தின் அகலத்துக்கு, கீற்றின் முனை மட்டும் உள்ளே போனது. இரு பக்கமும் ஒரே பொருள், ஒரே வயது. பென்சிலால் அந்த இடத்தையும் தேதியையும் என் குறிப்பேட்டில் படம் போட்டுக் குறித்து, அவருக்கும் ஒரு தாள் கீற்றை வெட்டிக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார், 2 செ.மீ. நீளத்துக்குத் தாள் போக ஆரம்பித்ததும் கொண்டுவருவார்.